காவிரி அணைகளும் ஆற்று மீன்களும்: மீன்வழியிலிருந்து மீன்குஞ்சு இருப்புக்கு – ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

காவிரியிலும் கொள்ளிடத்திலும் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த அணைக்கட்டுகள், கடலிலிருந்து ஆறேறும் உல்லம் மீனின் பாதையை மறித்தன. இவ்வுண்மை அணைகளைக் கட்டியவர்களின் காலத்திலேயே அறியப்பட்டு, அரசால் விசாரிக்கவும்பட்டது. எனினும், மீனுக்கு வழிவிடுதல் என்னும் தீர்வு படிப்படியாகப் பின்தள்ளப்பட்டு, மீன்குஞ்சுகளை இருப்புச் செய்தல் என்னும் தீர்வு அதன் இடத்தைப் பெற்றது. இம்மாற்றத்தின் வரலாற்றையும், அதனால் காவிரிக்கே உரிய மீன்களின் இழப்பு கணக்கேடுகளில் புலப்படாமற்போன விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்விழப்பை மறைப்பதில் ‘கெண்டை’ என்னும் பொதுப்பெயருக்கு உள்ள பங்கும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காவிரி, கொள்ளிடம், உல்லம், கெண்டை, மீன்வழி, மேட்டூர் அணை, ஃபிரான்சிஸ் டே, சுந்தர ராஜ்

முன்னுரை

காவிரியின் வரலாறு பெரும்பாலும் நீர்ப்பங்கீட்டின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சோழர் காலப் பாசனம், ஆர்தர் காட்டனின் அணைகள், 1892, 1924 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள், நடுவர் மன்றத் தீர்ப்பு என அவ்வரலாற்றின் படிகள் யாவும் எவ்வளவு நீர், அது யாருக்கு என்னும் வினாவைச் சுற்றியே அமைகின்றன. அந்நீருக்குள் வாழ்ந்த உயிர்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது.

இலக்கிய ஆய்வில் நிலைமை சற்றே மேம்பட்டது எனலாம். கயல், கெண்டை, சேல், வாளை, வரால், அயிரை, ஆரல், கெளிறு எனப் பழந்தமிழ் நூல்களில் வரும் மீன்பெயர்கள் தொகுக்கப்பட்டுள்ளன. ஆயினும் அத்தொகுப்புகள் உவமையழகையும் மருதத்திணைக் கருப்பொருளையும் விளக்குவதோடு நின்றுவிடுகின்றன. வயலில் வாளை பாய்ந்ததெனப் புலவர் பாடினால், அந்த வாளை ஆற்றிலிருந்து வயலுக்கு எவ்வழியே வந்தது, நீர் வற்றியபின் எங்கே சென்றது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. மருதத்தின் மீன்வளம் என்பது ஆறும் வாய்க்காலும் ஏரியும் வயலும் தடையின்றித் தொடர்ந்திருந்த ஒரு நீரமைப்பின் விளைவாகும். அத்தொடர்ச்சி எங்கெங்கே அறுந்தது என்று கேட்கத் தொடங்கினால், இலக்கியப் பொருளாக இருந்த மீன் வரலாற்றுப் பொருளாகிவிடுகிறது.

இவ்வினாவுக்கு அடிப்படையான உயிரியல் உண்மை ஒன்றை முதலில் கூறிவிடுவது நலம். வெப்பமண்டல ஆற்று மீன்களுள் மிகப் பலவற்றின் இனப்பெருக்கம், வெள்ளத்தின் வருகையோடு பிணைந்தது. நீர் பெருகி, நிறம் மாறி, கரையோரத் தாழ்நிலங்கள் மூழ்கும்போது அவை மேல்நோக்கி ஏறி முட்டையிடுகின்றன. குஞ்சுகள் ஆழங்குறைந்த புதுநீரில் இரைதேடி வளர்கின்றன. “புதுத்தண்ணீருக்கு மீன் ஏறும்” என்று ஆற்றங்கரை ஊர்களில் வழங்கும் பேச்சு இவ்வுண்மையையே சுருங்கச் சொல்கிறது. காவிரிக்கு அப்புதுநீர் தென்மேற்குப் பருவமழையால் குடகிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் வருவது. ஆடிப்பெருக்கு மனிதருக்கு விழாவாக இருந்த அதே நாள்கள், மீனுக்கு ஏறுகாலமாக இருந்தன.

காவிரி மீன்கள் அறிவியல் பதிவுக்குள் வந்தமை

காவிரிப் படுகை மீன்களை ஐரோப்பிய அறிவியல் அறிந்த வழி தரங்கம்பாடியில் தொடங்குகிறது. அங்கிருந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், பெர்லினில் வாழ்ந்த மீனியலாளர் மார்க்கஸ் எலியேசர் பிளாக்குக்கு மீன்மாதிரிகளை அனுப்பிவந்தார். ஒரு மீன்பேரினத்துக்குப் பிளாக் ‘ஜானியஸ்’ எனப் பெயரிட்டது அவர் நினைவாகவே. காவிரியின் வெண்கெண்டைக்கு இன்று வழங்கும் ‘சிர்ரைனஸ் சிர்ரோசஸ்’ என்னும் அறிவியற்பெயரும் 1795-இல் பிளாக் வழங்கியதிலிருந்து வந்தது. இம்மீனைப் பின்னர் மீண்டும் சந்திக்க நேரும்.

அடுத்த பெரும்பணி, சென்னை மாகாண மருத்துவ அலுவலராக இருந்த டி. சி. ஜெர்டனுடையது. தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றிய அவரது விரிவான கட்டுரை 1849-இல் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் வெளியாயிற்று. கருமுழிக் கெண்டை எனப்படும் ‘லேபியோ கோன்டியஸ்’ அதன்வழியே அறிவியலுக்கு அறிமுகமானது. அதற்குப் பின் வந்தவர்தாம் ஃபிரான்சிஸ் டே (1829–1889). அவரும் மருத்துவராகவே சென்னைப் படையில் சேர்ந்தவர். 1865-இல் மலபார் மீன்களைப் பற்றியும், 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக இந்திய மீன்கள் அனைத்தையும் பற்றியும் அவர் வெளியிட்ட நூல்கள் இன்றுவரை மீனியலாளர் கைவிடாதவை.

தமிழ் ஆய்வாளர்க்கு டேயின் நூல்களில் வேறொரு பயனும் உண்டு. மீன் ஒவ்வொன்றுக்கும் அவர் கேட்டறிந்த வட்டாரப் பெயர்களை, தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி என மொழி குறித்து ரோமன் எழுத்தில் பதிவு செய்துள்ளார். ஒலிபெயர்ப்பு பல இடங்களில் தடுமாறினாலும், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் மீனவர் வாயில் வழங்கிய சொற்கள் அவை. அகராதியியலார் அவற்றை இன்னும் முறையாகப் பயன்கொள்ளவில்லை என்பது வியப்புக்குரியது. தமிழில் உல்லம், தெலுங்கில் பலச அல்லது புலச என அவர் குறித்த மீனே இக்கட்டுரையின் முதற்பொருள்.

அணைக்கட்டும் உல்லமும்

உல்லம், வங்காளத்தில் இலிஷ் எனப் போற்றப்படும் மீன். கடலிலும் கழிமுகத்திலும் வளர்ந்து, வெள்ளக்காலத்தில் ஆற்றுக்குள் ஏறி, நன்னீரில் முட்டையிடும் இயல்புடையது. குஞ்சுகள் சில மாதங்கள் ஆற்றில் வளர்ந்து கடலுக்கு இறங்கும். கங்கையில் அது ஆக்ரா, தில்லி வரை ஏறிய காலமும் உண்டு. கடலும் ஆறும் தடையின்றி இணைந்திருந்தாலன்றி இவ்வாழ்க்கை முற்றுப்பெறாது.

காவிரிக் கழிமுகத்தில் இவ்விணைப்பைக் கொடுத்தது கொள்ளிடம். கல்லணை மிகப் பழையதாயினும், அது ஆற்றைக் குறுக்கே அடைத்து நிறுத்தும் தடுப்பாக அமையவில்லை. காவிரிக் கிளையின் நீர் கொள்ளிடத்தின் பக்கம் வழிந்துவிடாமல் தடுக்கும் கற்பரப்பாகவே அது பணிசெய்தது. வெள்ளநீர் கொள்ளிடத்தில் கடல்வரை ஓடியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து, காவிரிக் கிளைக்கு நீர் வரத்துக் குறைந்தபோது, ஆர்தர் காட்டன் 1830-களில் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டினார். தஞ்சைப் பாசனம் நிலைபெற்றதும், வீராணம் ஏரிக்கும் சிதம்பரம் பகுதிக்கும் நீர் உறுதியானதும் இவற்றால்தான். அப்பயனை மறுப்பதற்கில்லை.

அணைகள் உயரத்தில் சிறியவை; சில அடிகளே. இன்று மேட்டூரைப் பார்த்த கண்ணுக்கு அவை படிக்கட்டுப் போலத் தோன்றும். ஆனால் உல்லம் சால்மன் மீனைப் போலத் துள்ளித் தாண்டும் மீனன்று. செங்குத்தான ஒரு சுவர் ஆளுயரம் இருந்தாலும் அதற்கு மலையே. அணையின் அடியிலுள்ள மணற்போக்கி மதகுகள் திறந்திருக்கும்போதோ நீர் மிகுந்த விசையுடன் பாய்வதால் எதிர்த்து நீந்துதல் கடினம். மூடியிருக்கும்போது வழியே இல்லை. எனவே ஏறிவந்த மீன் அணைக்குக் கீழே திரண்டு நின்றது. திரண்ட இடத்தில் வலை விழுந்தது. அணைக்கட்டிய முதல் ஆண்டுகளில் அதன் அடியில் மீன் மிகுதியாகப் பிடிபடுவது வளத்தின் அடையாளமாகத் தோன்றக்கூடும். முட்டையிட வந்த மீன் முட்டையிடுமுன் பிடிபடுகிறது என்பதே அதன் உண்மைப்பொருள்.

இச்சிக்கலை முதலில் அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் அணைகளைக் கட்டிய காட்டனே ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1860-களின் பிற்பகுதியில், ஆறுகளின் குறுக்கே எழுப்பிய அணைக்கட்டுகள் முட்டையிட ஏறும் மீன்களைத் தடுத்துக் கடலோர மீன்வளத்தைக் கெடுக்கின்றனவா என்னும் கேள்வியை அவர் எழுப்பினார். அதை ஆராயும் பொறுப்பு டேக்கு வந்தது. பொறியாளர் தம் கட்டுமானத்தின் பக்கவிளைவைத் தாமே ஐயுற்றார் என்பது காட்டனைப் பற்றிய புகழுரைகளிலும் கண்டனங்களிலும் ஒருங்கே விடுபடும் செய்தி.

டேயின் அறிக்கையும் 1897-ஆம் ஆண்டுச் சட்டமும்

டேயின் விசாரணை சென்னை மாகாணத்தோடு நிற்கவில்லை. 1873-இல் கல்கத்தாவில் வெளியான அவரது அறிக்கை இந்தியா, பர்மா முழுவதன் நன்னீர் மீன்வளத்தையும் தழுவியது. மாவட்ட ஆட்சியர்கள், தாசில்தார்கள் ஆகியோருக்கு வினாக்கள் அனுப்பி, அவர்கள் தந்த விடைகளைத் திரட்டி எழுதப்பட்ட ஆவணம் அது. மீன் உண்போர் தொகை, சந்தை வரத்து, வலைக்கண் அளவு, குஞ்சுமீன் பிடிப்பு, வாய்க்கால்களில் வைக்கும் பொறிகள், நஞ்சிட்டுப் பிடித்தல் என அதன் பரப்பு அகன்றது. அணைக்கட்டுகளும் அதில் உண்டு.

அறிக்கையின் நடையைக் கூர்ந்து நோக்கினால் அதில் இரண்டு குற்றவாளிகள் இருப்பது தெரியும். ஒன்று அணை, மற்றொன்று சிறுகண் வலையும் பொறியும் கொண்ட மீனவர், உழவர். முதற்குற்றவாளி அரசுடைய சொத்து, வருவாயின் ஊற்று. இரண்டாவதற்கு அலுவலகத்தில் வாதாட ஆளில்லை. நெல்வயலின் வடிமடையில் கூடை வைத்துக் குஞ்சுமீன் அள்ளும் உழவரைப் பற்றிய கண்டனத்தில் டே உறுதியாகவே பேசுகிறார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வயலுக்கு வந்த குஞ்சு திரும்பி ஆற்றுக்குச் செல்ல வழி இருந்ததா என்னும் கேள்வி அக்கண்டனத்தின் முன்னே வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

எந்தக் குற்றவாளி சட்டத்துக்குள் வந்தார் என்பதை 1897-ஆம் ஆண்டின் நான்காம் சட்டமான இந்திய மீன்வளச் சட்டம் காட்டுகிறது. வெடி வைத்து மீன் பிடிப்பதும், நீரில் நஞ்சு கலப்பதும் அதன்படி குற்றங்கள். நிலைப்பொறிகள், மீன்பிடி அணைப்புகள், வலையின் அளவும் வகையும் ஆகியவற்றைக் குறித்து விதிகள் இயற்ற மாகாண அரசுகளுக்கு அது அதிகாரம் அளித்தது. பாசன அணை கட்டுவோர் மீனுக்கு வழி அமைக்க வேண்டும் என்னும் கடப்பாட்டை அது விதிக்கவில்லை. பிரிட்டனில் சால்மன் ஆறுகளுக்கான சட்டங்கள் அணைகளில் மீன்வழி பற்றிப் பேசிய அதே காலத்தில் இங்கே இயற்றப்பட்ட சட்டம் இது. டே 1887-இல் பிரிட்டிஷ் சால்மன் இனங்களைப் பற்றித் தனிநூல் எழுதியவர். மீன்வழி என்னும் கருத்து அறியப்படாததால் அது விடுபட்டது என்று கொள்வதற்கில்லை.

கொள்ளிடத்தில் மீன்வழி முயற்சி அறவே நிகழவில்லை என்பதும் சரியன்று. கீழணையில் மீன் ஏறுவதற்கான படிநீர்த்தடம் அமைக்கப்பட்டது. துள்ளி ஏறும் மீனை மனத்தில் வைத்து ஐரோப்பாவில் உருவான அவ்வமைப்பு உல்லத்துக்கு உதவவில்லை. இங்கேதான் ஒரு திருப்பம் நிகழ்கிறது. அமைப்பு இம்மீனுக்குப் பொருந்தவில்லை, வேறு அமைப்பைத் தேடுவோம் என்னும் முடிவுக்கு மாறாக, மீன் ஏறாவிட்டால் முட்டையை நாமே பொரிக்கவைப்போம் என்னும் முடிவே எடுக்கப்பட்டது.

அம்முடிவைச் செயற்படுத்தியவரின் பின்னணியும் கருதத்தக்கது. எச். சி. வில்சன் நீலகிரியில் ஆங்கிலேயரின் தூண்டில் விளையாட்டுக்காக டிரவுட் மீனை நிலைபெறச் செய்தவர். அவலாஞ்சியில் 1907-இல் தொடங்கிய பொரிப்பகம் அவர் பணி. ஃபிரெடரிக் நிக்கல்சனின் முயற்சியால் சென்னை மாகாண மீன்வளப் பிரிவு உருவான அக்காலத்தில், டிரவுட்டில் கைதேர்ந்த அப்பொரிப்பகக்கலை கொள்ளிடக் கரைக்கு இறங்கியது. கீழணைக்கு அடியில் பிடிபட்ட உல்லத்தின் முட்டையையும் விந்தையும் பிழிந்து கலந்து பொரிக்கவைக்கும் சோதனைகள் நடந்தன. பி. சுந்தர ராஜ் கொள்ளிடத்து உல்லத்தின் இயல்புகளையும் செயற்கைக் கருவூட்டலையும் பற்றி 1917-இல் எழுதினார். முட்டை பொரிந்தது. ஆனால் அது ஆற்றில் உல்லத்தைப் பெருக்கும் அளவுக்கு விரியவில்லை.

மேட்டூர்

1925-இல் தொடங்கி 1934-இல் முடிவடைந்த மேட்டூர் அணை, அளவில் முற்றிலும் வேறான ஒன்று. நீளம் 5,300 அடி. முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மேலே மைசூர் அரசின் கிருஷ்ணராஜசாகரமும் ஏறத்தாழ அதே காலத்தில் நிறைவெய்தியது. இத்தகைய உயரத்துக்குப் படிநீர்த்தடம் அமைப்பது அக்காலத்தில் நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும் மேட்டூரின் விளைவு, தடுப்புச்சுவரின் உயரத்தைவிட நீர் வரும் காலத்தை மாற்றியதில்தான் பெரிது.

அணைக்குமுன், ஜூன் இறுதி முதல் ஆகஸ்டு வரை வெள்ளம் தானாக ஏறி இறங்கியது. அணைக்குப்பின், அவ்வெள்ளம் தேக்கத்தில் அடங்கி, பாசனத் தேவைக்கேற்ப அளந்து விடப்பட்டது. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்னும் நாட்காட்டி உழவருக்கு உரியது. குறுவையும் சம்பாவும் அதற்கு இயைந்து நடந்தன. கொள்ளிடத்துக்கு, மிகுநீர் வழியும் ஆண்டுகளில் மட்டும் வெள்ளம் வந்தது. கீழணைவரையாவது ஏறி, அதன் கீழுள்ள நன்னீர்ப் பகுதியில் முட்டையிட்டுவந்த உல்லத்துக்கு, ஏறச் சொல்லும் வெள்ளமே இல்லாமற்போயிற்று.

கோதாவரியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். தவளேசுவரத்தில் காட்டன் கட்டிய அணைக்கட்டு அங்கும் பாதையை மறித்தது. ஆனால் கோதாவரியின் பெருவெள்ளம் அணையைக் கடந்து கடல்வரை தொடர்ந்து வந்ததால், அணைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நீளத்தில் புலச மீன் நிலைத்தது. ஆவணி மாதத்தில் அதற்கு வரும் விலை ஆந்திரக் கடலோரத்தில் ஆண்டுதோறும் செய்தியாகிறது. கொள்ளிடத்தில் தாழ்ந்த அணை முதல் அடி, வெள்ளத்தைப் பறித்த உயர்ந்த அணை இரண்டாம் அடி. இரண்டாவதுதான் கொன்றது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. கங்கையிலும், 1975-இல் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபின், அதற்கு மேலே அலகாபாத் வரை நடந்துவந்த இலிஷ் மீன்பிடிப்பு வீழ்ச்சியுற்றது.

மேட்டூர் முடிந்த ஏழாம் ஆண்டில், 1941-இல், சுந்தர ராஜ் இந்திய அறிவியற்கழக நடவடிக்கைகளில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அணைகளும் மீன்வளமும், மேட்டூரும் இந்தியாவுக்கு அது தரும் பாடங்களும் என்பது அதன் தலைப்பின் பொருள். அதற்கு முந்தைய ஆண்டில் சுந்தர்லால் ஹோரா, அணைகளும் இடம்பெயர் மீன்களும் என்னும் சிக்கலைப் பற்றி எழுதியிருந்தார். பக்ரா நங்கல், ஹிராகுட், துங்கபத்ரா, கீழ்பவானி ஆகிய எதுவும் அன்று கட்டி முடிக்கப்படவில்லை. நாட்டின் பெரும் அணைக்கட்டுக் காலம் தொடங்குமுன்பே, சென்னை மாகாண மீன்வளத்துறையின் பட்டறிவு அச்சேறி, பாடம் எனப் பெயரிடப்பட்டுக் கிடந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

தேக்கத்தின் மீன்கள்

மேட்டூர் தேக்கத்துக்குள் நடந்தது வேறுவகை வரலாறு. ஓடும் நீருக்குப் பழகிய மீன்கள் திடீரென நிற்கும் நீரில் வாழவேண்டியதாயிற்று. அவற்றுள் சில முதல் ஆண்டுகளில் பெருகின. மூழ்கிய நிலத்தின் தாவரமும் உரமும் இரையாகக் கிடைத்தமை காரணம். பவானி ஆற்றிலிருந்து டே முதன்முதலில் விவரித்த ‘ஹிப்செலோபார்பஸ் துபியஸ்’ என்னும் கெண்டை, தொடக்கத்தில் தேக்கத்தின் முதன்மை மீன்களுள் ஒன்றாக இருந்து, பின்னர் ஏறத்தாழ மறைந்தது. வெண்கெண்டையும் கருமுழிக் கெண்டையும் குறைந்தன. பரிசலில் சென்று செவுள்வலை விரிக்கும் மேட்டூர் மீனவரின் வலையில் அவற்றின் இடத்துக்கு வேறு மீன்கள் வந்தன.

அவ்வேறு மீன்கள் வந்த வரிசை இது. கோதாவரிக்குத் தெற்கே இயல்பாக நெடுந்தொலைவு பரவாத கட்லா, 1920-களில் கோதாவரியிலிருந்து கொண்டுவரப்பட்டுக் காவிரியில் விடப்பட்டது. தமிழில் தோப்பாமீன் எனப் பெயர்பெற்றது. 1939-இல் இலங்கையிலிருந்து சாதாக் கெண்டை நீலகிரிக்கு வந்தது. 1952-இல் திலாப்பியா வந்து ஜிலேபிக் கெண்டையாயிற்று. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி, பிட்யூட்டரிச் சுரப்புநீர் செலுத்திக் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். ஆற்றில் வெள்ளம் வந்தால்தான் கிடைக்கும் குஞ்சு, இனி பண்ணையில் கிடைக்கும் என்றாயிற்று. உணவு உற்பத்தியில் அது பெரும்பேறு. அதன் பயனால் ரோகு, மிர்கால், கட்லா ஆகிய கங்கைக் கெண்டைகளின் குஞ்சுகள் தமிழகத் தேக்கங்கள் எங்கும் கோடிக்கணக்கில் விடப்பட்டன. 1959-இல் புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் நாட்டுக்குள் வந்தன.

வெள்ளத்தின் மீது மீனுக்கிருந்த சார்பு நீங்கியதும், மீன்வளத்துறைக்கு வெள்ளத்தின் மீதிருந்த அக்கறையும் நீங்கியது. இருப்புச் செய்த குஞ்சு எவ்வளவு, பிடித்த மீன் எவ்வளவு என்னும் கணக்கு எளிது. அணைக்குக் கீழே எந்த நாளில் எவ்வளவு நீர் விடவேண்டும் என்று பொதுப்பணித் துறையோடு வாதிடுவது கடினம். காட்டனும் டேயும் ஒரே கோப்பில் பேசிய இரண்டு செய்திகள் இரண்டு அலுவலகங்களின் இரண்டு கோப்புகளாயின.

கெண்டை என்னும் சொல்

இங்கே மொழி செய்த ஒரு வேலையைக் கவனிக்கவேண்டும். கெண்டை பழந்தமிழ்ச் சொல். ஓரினத்தைச் சுட்டாமல், செதிலுடைய நன்னீர் மீன்கள் பலவற்றுக்குப் பொதுப்பெயராகவே அது வழங்கிவந்துள்ளது. வெண்கெண்டை, சேல்கெண்டை, கருமுழிக் கெண்டை, குள்ளக்கெண்டை என அடைமொழிகளே இனத்தைப் பிரித்துக் காட்டின. புதிதாக வந்த மீன்களுக்கும் அதே முறையில் பெயர் அமைந்தது: சாதாக் கெண்டை, புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை, ஜிலேபிக் கெண்டை. ஜிலேபிக் கெண்டை கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வேறு குடும்பம். சீனத்து வெள்ளிக்கெண்டைக்கும் காவிரியின் வெண்கெண்டைக்கும் பெயரில் இருக்கும் வேறுபாடு ஓரிரு எழுத்துகளே.

சொல் புதியவற்றை ஏற்றுக்கொண்டது மொழியின் இயல்பான ஆற்றல். அதைக் குறைகூற இடமில்லை. ஆனால் சந்தைக் கணக்கிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கப் பேரேட்டிலும் ‘கெண்டை’ என ஒரே தலைப்பில் எடை எழுதப்படும்போது, ஆற்றுக்கே உரிய மீன் குறைந்து வந்த மீன் கூடுவது தெரியாமற்போகிறது. எடை கூடினால் வளம் கூடியதாகவே ஏடு சொல்லும்.

இது தமிழ்ப்பெயருக்கு மட்டும் நேர்ந்த குழப்பமன்று. கங்கையின் மிர்காலும் காவிரியின் வெண்கெண்டையும் ஒரே இனமே என 1997-இல் டைசன் ராபர்ட்ஸ் கருதி, மிர்காலைப் பிளாக் தந்த ‘சிர்ரோசஸ்’ பெயருக்குள் அடக்கினார். அக்கருத்தைப் பின்பற்றிய பட்டியல்களில், நாடெங்கும் பண்ணைகளில் கோடிக்கணக்கில் வளர்க்கப்படும் ஒரு மீனும், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவுக்கு உள்ளாகத்தக்கது என வகைப்படுத்தியுள்ள காவிரி மீனும் ஒரே பெயரில் நின்றன. அறிவியற்பெயர் இவ்வாறு கலங்கிய இடத்தில், மிர்காலையும் வெண்கெண்டையையும் ஒருபோதும் ஒன்றாகக் கருதாத மீனவர் வழக்கே தெளிவாக இருந்தது.

மஹ்சீர் தரும் சான்று

பெயரால் மறைந்த இழப்புக்கு மிகத் துல்லியமான சான்று, காவிரியின் திமிலுடைய மஹ்சீர். எச். எஸ். தாமஸ் 1873-இல் வெளியிட்ட தூண்டில் நூலின் காலம் முதல் உலகெங்கும் புகழ்பெற்றது இம்மீன். 1946-இல் கபினியில் 120 பவுண்டு எடையுள்ள மஹ்சீர் பிடிபட்டது. அம்மீன் குறைந்தபோது, மகாராட்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்தில் உருவான நீலத்துடுப்பு மஹ்சீர்க் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. 2015-இல் வெளியான பிண்டர் குழுவினரின் ஆய்வு, 1998 முதல் 2012 வரையிலான தூண்டிற்காரர்களின் பதிவேடுகளை ஆராய்ந்தது. மொத்த மஹ்சீர் எண்ணிக்கை கூடியிருந்தது. கூடியது நீலத்துடுப்பு மீன்; திமில் மஹ்சீர் சரிந்திருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்க்கு அது பாதுகாப்பின் வெற்றி.

அத்திமில் மஹ்சீருக்கு அப்போது உறுதியான அறிவியற்பெயரும் இல்லை. உலகப்புகழ் பெற்ற மீன் ஒன்று பெயரின்றி இருந்ததால் செம்பட்டியலிலும் இடம்பெற முடியவில்லை. 2018-இல்தான், அமராவதியின் துணையாறான பாம்பாற்றிலிருந்து முன்னரே விவரிக்கப்பட்டிருந்த ‘டோர் ரெமாதேவி’ என்னும் இனமே இது என நிறுவப்பட்டது. இந்திய விலங்கியல் அளவீட்டு நிறுவனத்தின் மீனியலாளர் கே. ரெமாதேவியின் பெயர் தாங்கிய இனம் அது. அதே ஆண்டில் மிக அருகிய இனமாக வகைப்படுத்தப்பட்டது. தமிழகத்தில் மாயாற்றில் அதன் எச்சம் உள்ளது.

இருப்புத் திட்டங்களும் கதவணைகளும்

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் ஒரு கூறாக ஆறுகளில் மீன்குஞ்சு விடும் பணி நடைபெறுகிறது. நாட்டின மீன்களுக்கு முன்னுரிமை என்னும் கொள்கை முந்தைய காலத்தைவிடத் தெளிவாக இன்று பேசப்படுகிறது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் ‘நாட்டினம்’ என்பதன் எல்லை எது என்னும் வினா எஞ்சுகிறது. ரோகுவும் மிர்காலும் இந்திய மீன்கள். காவிரி மீன்கள் அல்ல. மீனுக்கு நாட்டின் எல்லையைவிட ஆற்றுப்படுகையின் எல்லையே பொருளுடையது. காவிரிக்கு விடும் குஞ்சு, காவிரியில் பிடித்த தாய்மீனிலிருந்து வந்ததா என்னும் ஒரு கேள்வியைப் பதிவேட்டில் ஒரு பத்தியாகச் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

விடப்படும் குஞ்சு எங்கே ஏறும் என்பது அடுத்தது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என மின்னாக்கத்துக்கான கதவணைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அதற்கும் கீழே மாயனூர். ஓடும் ஆறு தொடர்ச்சியான குளங்களாகியுள்ளது. 2018 ஆகஸ்டு 22 இரவில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடக் கதவுகள் ஒன்பது வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அவ்விடத்தில் பின்னர் புதிய கதவணை எழுந்தது. காட்டன் காலக் கட்டுமானங்கள் முதுமையடைந்து மாற்றப்படும் காலம் இது. சில அடி உயரமே உள்ள தடுப்புகளுக்கு, துள்ளாத மீனும் நீந்திச் செல்லத்தக்க மென்சரிவான பக்கவாய்க்கால் வகை மீன்வழிகள் இன்று பிறநாட்டு ஆறுகளில் வழக்கத்தில் உள்ளன. வில்சன் காலத்தில் கீழணையில் தோற்ற படிநீர்த்தடத்தோடு அவற்றை ஒன்றாக எண்ணவேண்டியதில்லை.

நீரைப் பொறுத்தவரை, காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென 10 டி.எம்.சி.யும், கடலில் தவிர்க்கவியலாது கலப்பதற்கென 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அவற்றை அப்படியே வைத்தது. நூற்றாண்டுக்கு மேற்பட்ட காவிரி வழக்கில் ஆற்றுக்கே ஒரு பங்கு எழுதப்பட்டது இதன்வழிதான். அது ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்ட அளவு. மீனின் கணக்கோ நாளில் அமைவது: ஆடி மாதத்தில் தொடர்ந்து சில நாள்கள், கதவுகள் முழுமையாக உயர்த்தப்பட்டு, கீழணைக்கு மேலும் கீழும் நீர்மட்டம் நெருங்கிவரும்படி ஓடும் நீர். ஆடிப்பெருக்கன்று மக்கள் நீராட மேட்டூரிலிருந்து நீர் திறந்துவிடும் வழக்கம் பல ஆண்டுகளில் நடைபெற்றுள்ளது. அவ்வெள்ளம் கல்லணையில் வாய்க்கால்களுக்குத் திரும்பிவிடுகிறது, கொள்ளிடத்துக்கு வருவதில்லை.